ஒரு கோழி, ஒரு ட்ரே, நாலு பேர் சாப்பாடு: ஓவன் சிக்கன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக் செய்யலாம் என்று வாங்கிய ஓடிஜி (கரண்டில் ஓடும் சின்ன ஓவன்) பல வீடுகளில் உறை மாட்டிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. அதில் ஒரு முழுக்கோழியும் அரைக்கிலோ உருளைக்கிழங்கும் வைத்தால் நாலு பேருக்கு இரவுச் சாப்பாடு தேறும். கீழே உள்ள அளவும் நேரமும் 28 முதல் 35 லிட்டர் வரையுள்ள, மேலேயும் கீழேயும் சூடேற்றும் ராடு உள்ள சாதாரண ஓடிஜிக்கு. மசாலாவைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஈரத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஓவனில் கோழி சொதப்புவது பெரும்பாலும் ஈரத்தால்தான். அதனால் அந்தப் பேச்சு பதில்களில் திரும்பத் திரும்ப வரும்.

லெக் பீஸ் மட்டும் வாங்கலாமா, முழுக்கோழியா? எது மலிவு?

ஓவனுக்குத் தோதானது லெக் பீஸ்தான். கொழுப்பும் சவ்வும் இருப்பதால் பத்து நிமிடம் கூடிப்போனாலும் வறளாது. ஆனால் நம்மூர்க் கடைகளில் லெக் பீஸை மட்டும் தனியாகக் கேட்டால் கிலோவுக்கு விலை ஏறும். போன்லெஸ் அதையும் தாண்டும். முழுக்கோழியை எடுத்துப் பெரிய துண்டுகளாக வெட்டி வாங்குவதுதான் மலிவு. முதுகும் கழுத்தும் மறுநாள் சூப்புக்கு ஆகும்.

உயிர் எடை விலை, கறி விலை என்று இரண்டு எழுதியிருந்தால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ உயிர்க்கோழியை உரித்துச் சுத்தம் செய்தால் கையில் வருவது சுமார் 1.3 கிலோ. அதாவது உயிர் எடை விலையை ஒன்றரையால் பெருக்கினால் கறி விலை வந்துவிட வேண்டும். உயிர் கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கறி 225, 230 ரூபாய்க்கு இருப்பது நியாயம். அதைத் தாண்டினால் கோழியாகவே எடைபோட்டு வெட்டித் தரச் சொல்லலாம். பல்லடத்தில் அறிவிக்கப்படும் பண்ணைக் கொள்முதல் விலை நாளிதழ்களில் வருகிறது. கடை விலை அதைத் தொட்டுத்தான் ஏறி இறங்கும். புரட்டாசியில் வாங்குவோர் குறைவதால் விலை வழக்கமாக இறங்கும், தீபாவளியை ஒட்டி ஏறும்.

கடையில் எப்படிச் சொல்லி வெட்டி வாங்குவது?

"குழம்புக்கு இல்லை, எட்டுத் துண்டு" என்று கத்தி இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பழக்கதோஷத்தில் இருபது துண்டாகப் போட்டுவிடுவார்கள். தேவை இதுதான்: கால் 2, தொடை 2, எலும்போடு நெஞ்சு 2, இறக்கை 2. முதுகு, கழுத்து, ஈரல் தனிப்பையில். சுத்தம் செய்தபின் 1.2 கிலோ வரும் கோழியில் எட்டுத் துண்டுகளும் 900 கிராம் முதல் ஒரு கிலோவுக்குள் இருக்கும். ஆளுக்கு ஒரு பெரிய துண்டு, ஒரு சின்னத் துண்டு.

வீட்டில் வெட்டுவதானால் கால் முழுவதையும் தோல் பக்கம் கீழே இருக்குமாறு பலகையில் வையுங்கள். தொடையும் காலும் சேரும் இடத்தில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கொழுப்புக் கோடு தெரியும். கத்தியை அதன்மேல் வைத்து அழுத்தினால் மூட்டுக்குள்ளேயே இறங்கும், எலும்பில் இடிக்காது. இடித்தால் அரை சென்டிமீட்டர் கால் பக்கமாகவோ தொடை பக்கமாகவோ நகர்த்திப் பாருங்கள். ஓங்கி வெட்டத் தேவையே இல்லை.

தோலோடு வாங்க வேண்டுமா?

முடிந்தால் ஆமாம். ஓவனுக்குள் இருப்பது உலர்ந்த சூடு. தோல் இருந்தால் அதன் அடியில் உள்ள கொழுப்பு உருகிக் கறியைக் காப்பாற்றும், எண்ணெய் தனியாக அதிகம் ஊற்ற வேண்டாம், கிலோ விலையும் குறைவு. பல கடைகளில் கேட்காவிட்டால் உரித்துவிடுவார்கள். "தோலோடு, வெந்நீரில் போட்டு" என்று முன்னதாகச் சொன்னால் மெஷினில் போட்டு இறகெடுத்துத் தருவார்கள்.

தோல் வேண்டாம் என்றாலும் செய்யலாம். மசாலாவில் எண்ணெயை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டி, பாதி நேரத்தில் ஒருமுறை மேலே எண்ணெய் தடவுங்கள். மொறுமொறுப்பு வராது. தயிர் மசாலா மேலே காய்ந்து ஒட்டிக்கொண்டு தந்தூரிச் சாயல் வரும், அவ்வளவுதான்.

அளவுகள் என்ன?

கோழிக்கு: பொடியுப்பு 2 டீஸ்பூன் (சுமார் 12 கிராம்), கெட்டித் தயிர் 3 டேபிள்ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது 1 டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 1½ டீஸ்பூன், வீட்டு மிளகாய்த்தூள் ½ டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், சோம்புத்தூள் ½ டீஸ்பூன், மஞ்சள்தூள் ½ டீஸ்பூன், எலுமிச்சை அரை மூடி, கடலை எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்.

காய்க்கு: உருளைக்கிழங்கு 500 கிராம், கேரட் 2, உரித்த சின்ன வெங்காயம் 150 கிராம், உப்பு ¾ டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை இரண்டு கொத்து.

கல்லுப்பு போடுகிறவர்கள் பொடித்துவிட்டு அளக்கவும். கல்லாகவே அளந்தால் ஸ்பூனில் இடைவெளி விழுந்து கணக்கு மாறும். கலர் பொடி எதற்கும் வேண்டாம், காஷ்மீரி மிளகாயே நிறம் தரும். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2024 ஜூனில் கோழிக் கபாபில் செயற்கை நிறம் சேர்ப்பதற்கே தடை போட்டுவிட்டார்கள்.

கழுவாமல் எப்படிச் சமைப்பது?

குழாயடியில் அலசும்போது தெறிக்கிற தண்ணீரில்தான் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சிங்க், தட்டு, பக்கத்தில் இருக்கிற கொத்தமல்லி வரை போய் உட்காருகின்றன. வேகிற சூட்டில் கிருமி செத்துவிடும், கழுவினால் சாகாது. இருந்தாலும் கடைக் கோழியில் இறகுத் துணுக்கும் ரத்தமும் இருப்பதால் நம் வீடுகளில் கழுவாமல் மனசு ஒப்பாது. அப்படியானால் குழாயைத் திறந்து அலசாமல், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக முக்கி எடுங்கள், பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

கழுவியபின் செய்ய வேண்டியதுதான் முக்கியம். வடிதட்டில் பத்து நிமிடம் சாய்த்து வைத்து, பிறகு ஒவ்வொரு துண்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தொடைக்கும் தோலுக்கும் நடுவே விரலை விட்டால் அங்கே தேங்கிய தண்ணீர் வரும், அதையும் ஒற்றவும். பேப்பர் ஈரமாகாமல் வரும்வரை விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் செய்தால் சுட்ட கோழி மாதிரி இல்லை, அவித்த கோழி மாதிரி வருகிறது. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வர வேண்டுமானால் சுமார் 140 டிகிரியைத் தொட வேண்டும். ஆகவே ஓவன் முதலில் தண்ணீரை விரட்டி முடித்துவிட்டுத்தான் சுட ஆரம்பிக்கும். தண்ணீர் அதிகமானால் நேரம் முழுதும் அதிலேயே கழிந்து, கோழி வெந்துவிடும், சிவக்காது.

தண்ணீர் வரும் வழிகள் நாலு. கழுவிவிட்டு ஒற்றாதது ஒன்று. நீர்த்த தயிர் இன்னொன்று. பாக்கெட் தயிரை ஒரு துணியிலோ டீ வடிகட்டியிலோ அரை மணி நேரம் வடித்துவிட்டு அளந்தால் சரியாகும். மூன்றாவது, மசாலாவோடு பாத்திரத்தில் ஊறிக் கிடக்கும் சாற்றை ட்ரேயில் அப்படியே கவிழ்ப்பது. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொட்டுவதை விட்டுவிட்டு வையுங்கள். அந்தச் சாறு பச்சைக்கறிச் சாறு, கொட்டிவிடலாம்.

நாலாவது நெருக்கம். துண்டுக்குத் துண்டு இரண்டு விரல்கடை இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றின் ஆவி இன்னொன்றை அவிக்கும். சின்ன ஓடிஜியில் ஒன்றரைக் கிலோவைத் திணிப்பதைவிட இரண்டு தடவையாக வைப்பது மேல். தக்காளியைக் கோழியோடு போடுவதும் இதே கேடுதான்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

உப்பு உள்ளே இறங்க நேரம் வேண்டும், மசாலா எத்தனை மணி நேரம் ஆனாலும் மேலேதான் நிற்கும். அதனால் முதலில் உப்பையும் எலுமிச்சையையும் மட்டும் தடவி 15 நிமிடம் வையுங்கள். கால், தொடை, நெஞ்சில் எலும்பு வரை இரண்டு மூன்று கீறல் போடுவது இதற்காகத்தான். பிறகு மற்றதை எல்லாம் கலந்து கீறலுக்குள்ளும் தோலுக்கு அடியிலும் தேய்க்கவும். பிரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம். காலையில் தடவி இரவு சுட்டால் அருமையாக இருக்கும். ஒருநாளைத் தாண்டினால் புளிப்பு வேலை செய்து மேல்சதை மாவு மாதிரி ஆகிவிடும்.

பப்பாளிக்காய் விழுது பிராய்லருக்குத் தேவையில்லை. ஆறேழு வாரத்துக்குள் வளர்ந்த கோழி, ஏற்கெனவே மெத்தென்றுதான் இருக்கும். அந்த விழுதில் அரைமணி கூடுதலாக ஊறிவிட்டால் கறி குழைந்துபோகும்.

எந்த உயரத்தில் எதை வைப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

எட்டு மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

6.30: கோழியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். உருளைக்கிழங்கை இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, கொதிக்கும் உப்புத்தண்ணீரில் 6 நிமிடம் போட்டு வடியுங்கள். வடிதட்டிலேயே நாலு குலுக்குக் குலுக்குங்கள். ஓரம் உரசி மாவு பூத்த மாதிரி ஆகும், அதுதான் பிறகு மொறுமொறுப்பாகும். ஆவி அடங்கும்வரை அப்படியே விடவும்.

6.45: ஓவனை 200 டிகிரியில், இரண்டு ராடும் எரியும்படி வைத்துச் சூடாக்கவும். 15 நிமிடம். விளக்கு அணைந்தது என்பதால் உள்ளே முழுதும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

7.00: உருளை, கேரட், சின்ன வெங்காயத்தை எண்ணெய், உப்பு சேர்த்துப் புரட்டி ட்ரேயில் ஒரே அடுக்காகப் பரப்பிக் கீழ்த்தட்டில் வையுங்கள். அதற்கு மேல்தட்டில் எண்ணெய் தடவிய கம்பித்தட்டு. அதில் முதலில் தொடையும் காலும் மட்டும், தோல் மேலே இருக்குமாறு, உள்பக்கமாக வையுங்கள். பெரும்பாலான ஓடிஜிகளில் பின்பக்கம்தான் சூடு அதிகம்.

7.10: நெஞ்சும் இறக்கையும் முன்பக்கம். இறக்கை நுனியைப் பின்னால் மடக்கிவிட்டால் கருகாது.

7.25: கம்பித்தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்கவும். காயை ஒருமுறை கிளறிவிட்டுக் கறிவேப்பிலை போடவும். முதலிலேயே போட்டால் கரியாகிவிடும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்காதீர்கள், சூடு சட்டென்று இறங்கும்.

7.40 முதல் 7.45க்குள் கோழி வெந்திருக்கும். எடுத்துத் தட்டில் வைத்து, மூடாமல் 8 நிமிடம் விடவும். அந்த 8 நிமிடத்தில் காய் ட்ரேயை மேல்தட்டுக்கு ஏற்றி, 230 டிகிரியில் மேல் ராடை மட்டும் எரியவிடுங்கள். கோழிக் கொழுப்பு சொட்டி ஊறிய உருளைக்கிழங்கு அப்போதுதான் சிவக்கும். கோழி ஆறுவதற்காகக் காத்திருக்கும் நேரம் உருளைக்கு ஆனது.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

சரியான வழி தெர்மாமீட்டர். ஊசி மாதிரி குத்திப் பார்க்கிற டிஜிட்டல் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சதை தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் குத்துங்கள். 74 டிகிரி வந்தால் பாதுகாப்பு. நெஞ்சை அங்கேயே நிறுத்தவும். தொடையை 80, 82 வரை விடுங்கள். சவ்வு கரைந்து எலும்பிலிருந்து கழன்று வருவது அந்தச் சூட்டில்தான், 74-இல் எடுத்த தொடை வெந்திருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் தொடையும் காலும் சேர்ந்திருந்த மூட்டுப் பக்கம் கத்தியால் குத்திப் பாருங்கள். வருகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும், காலைப் பிடித்து முறுக்கினால் எலும்பு லேசாகச் சுழல வேண்டும். இது குத்துமதிப்புதான்.

எலும்பருகே சிவப்பாக இருக்கிறதே, சாப்பிடலாமா?

இளங்கோழியின் எலும்பு இன்னும் முற்றாததால் மஜ்ஜையின் நிறம் சதைக்குக் கசியும். ஃப்ரீசரில் இருந்த கோழியில் இது இன்னும் அதிகம். 74 டிகிரியைத் தாண்டியிருந்தால் பயமில்லை. நிறம் சிவப்பாக இருப்பதோடு சதையும் கண்ணாடி மாதிரி வழவழவென்று, நார் பிரியாமல் இருந்தால் அது வேகாதது. இன்னும் பத்து நிமிடம் வைக்கவும்.

மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. என்ன செய்வது?

கம்பித்தட்டு மேல் ராடுக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது ஓவன் சொல்கிற 200 உண்மையில் 220. ஓடிஜித் திருகியில் 20 டிகிரி வித்தியாசம் சகஜம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் ஒருமுறை பார்த்துத் திருகியில் பேனாவால் குறித்துவிடலாம். கோழிக்கும் மேல் ராடுக்கும் குறைந்தது நாலு விரல்கடை இடைவெளி வேண்டும்.

மசாலாவும் காரணமாகலாம். தேன், சர்க்கரை, பொடியாக நறுக்கிய பூண்டு மூன்றும் சீக்கிரம் கருகும். தேன் வேண்டுமானால் கடைசி ஐந்து நிமிடம் தடவுங்கள், பூண்டை விழுதாகவே போடுங்கள். கருக ஆரம்பித்துவிட்ட துண்டின் மேல் ஃபாயிலைத் தளர்வாகப் போட்டு 180-இல் தொடரலாம்.

நெஞ்சுக்கறி ஒவ்வொரு தடவையும் சக்கையாகிறது.

அதனால்தான் பத்து நிமிடம் தாமதமாக வைக்கச் சொன்னது. எலும்போடு, தோலோடு இருந்தால் 30 நிமிடம் போதும். போன்லெஸ் என்றால் 200 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். லெக் பீஸோடு சேர்த்து 40 நிமிடம் வைத்தால் எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது. சக்கையாகிப்போனதை உதிர்த்து, ட்ரேயில் வடிந்த சாற்றில் புரட்டிச் சப்பாத்திக்கு வைத்துவிடுங்கள்.

உருளைக்குப் பதில் வேறு என்ன காய் போடலாம்?

சர்க்கரைவள்ளி, மஞ்சள் பூசணி, காலிஃபிளவர் நன்றாக வரும். சர்க்கரைவள்ளியை அவிக்க வேண்டாம், அப்படியே போடலாம். முட்டைக்கோஸை நறுக்காமல் தண்டோடு எட்டுக் கீற்றாக வெட்டி வைத்துப் பாருங்கள், ஓரம் கருகி இனிக்கும், விலையும் மலிவு. குடைமிளகாய், பெரிய வெங்காயம் கடைசி 20 நிமிடம். பீன்ஸ், வெண்டை, சுரைக்காய் இதற்கு ஆகாது.

உருளையைப் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வேகுமுன்பே கறுக்கும். கூடையிலேயே இருக்கட்டும்.

ஓவனிலிருந்து புகை வருகிறது.

கொழுப்பு கீழ் ராடில் சொட்டுகிறது. கம்பித்தட்டுக்கு நேர் கீழே காய் ட்ரே இருந்தால் சொட்டாது. கோழியை மட்டும் வைக்கும்போது ட்ரேயில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கீழே வைக்கவும். அதற்கு மேல் ஊற்றினால் மறுபடி அவியல்தான். போன தடவை சிந்தியதைத் துடைக்காமல் விட்டிருந்தாலும் இதே புகை வரும்.

ஃபாயில், பட்டர் பேப்பர், கண்ணாடிப் பாத்திரம்: எது சரி?

அலுமினிய ஃபாயிலில் தயிரும் எலுமிச்சையும் உப்பும் நேரடியாகப் பட்டால் ஃபாயில் அரித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், உணவிலும் உலோக வாடை வரும். மேலே மூட மட்டும் பயன்படுத்துங்கள். பட்டர் பேப்பர் என்ற பெயரில் விற்பதெல்லாம் சூடு தாங்குவதில்லை. அட்டையில் 220 டிகிரி வரை என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி, ட்ரேக்கு வெளியே நீட்டாமல் வெட்டிப் போடவும். நீட்டிய நுனி ராடைத் தொட்டால் தீப்பிடிக்கும். 230 டிகிரியில், மேல் ராடில் காயைச் சிவக்கவிடும்போது பேப்பரே கூடாது.

கண்ணாடிப் பாத்திரத்தைப் பிரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள். எடுத்ததும் ஈரமான கிரானைட் மேல் வைப்பதும் அதே தப்பு, விரிசல் விடும். ஓவனோடு வந்த ட்ரேயே போதும், அதில்தான் நன்றாகச் சிவக்கும்.

கரண்ட் எவ்வளவு ஆகும்? எந்த பிளக்கில் போடுவது?

1500 வாட் ஓடிஜி மேலே சொன்னபடி ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட் ஆகும். சூடானபின் ராடு விட்டுவிட்டுத்தான் எரிகிறது. உங்கள் ஸ்லாப் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை சூடாக்கியதை வீணாக்காமல் இருப்பதுதான் சிக்கனம். கோழியை எடுத்த கையோடு நாளைய சட்னிக்கு நிலக்கடலையைப் பரப்பி 160 டிகிரியில் 15 நிமிடம் வறுத்துவிடலாம்.

1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மொபைல் சார்ஜர் போடுகிற 6 ஆம்பியர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஆகாது. பிரிட்ஜ், கிரைண்டருக்கு என்று போட்டிருக்கும் பெரிய மூன்று ஓட்டை 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள்.

பாதியில் கரண்ட் போய்விட்டால்?

கதவைத் திறக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஐந்தாறு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். அரைமணியாகியும் வராவிட்டால் ஓவனைச் சுவிட்சில் அணைத்துவிட்டு, துண்டுகளை அடிகனமான வாணலியில் எண்ணெய் விட்டு, மூடி போட்டுச் சிறுதீயில் 20 நிமிடம் முடித்துவிடுங்கள். அரைவேக்காடாக வைத்துக் காலையில் பார்ப்போம் என்று விடுவது ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிஜி ஓடாது, முயல வேண்டாம்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையரில் செய்யலாமா?

மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் மோடில் மட்டும், உயரம் குறைந்த கம்பி ஸ்டாண்டில், 200 டிகிரி, 40 நிமிடம். தட்டு ஒன்றுதான் என்பதால் காயைத் தனியாகச் செய்ய வேண்டும். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரி, லெக் பீஸ் 25 முதல் 28 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி. இரண்டு பேருக்கு ஏர் ஃப்ரையர் தேவலை. நாலு பேருக்கு மூன்று தடவை போட வேண்டிவரும், கடைசித் தட்டு வருவதற்குள் முதல் தட்டு ஆறிவிடும்.

வெட்டாமல் முழுசாகச் சுடலாமா?

பார்க்க அழகு. ஆனால் தொடை வேகுமுன் நெஞ்சு காயும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சின்ன ஓடிஜியில் நெஞ்சு மேல் ராடில் இடிக்கும். நடுவழி ஒன்று உண்டு. முதுகெலும்பை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டி எடுக்கச் சொல்லி, கோழியைப் புத்தகம் மாதிரி விரித்து, நெஞ்சுக்கூட்டை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துங்கள். தட்டையாகிவிடும். 200 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். கால்களை ஓவனின் உள்பக்கம் பார்க்க வையுங்கள்.

குழந்தைகளுக்குக் காரம் ஆகாதே?

தயிர், உப்பு, இஞ்சி பூண்டு, மஞ்சள் எல்லாம் கலந்துவிட்டு, மிளகாயும் மிளகும் சேர்க்குமுன் இரண்டு காலையும் தனியே எடுத்துவிடுங்கள். அவற்றுக்கு மல்லித்தூளும் ஒரு சிட்டிகை காஷ்மீரி மிளகாயும் போதும். கம்பித்தட்டில் ஒரு மூலையில் வைத்தால் காரம் ஒட்டாது.

எதனோடு பரிமாறுவது?

ரசம் சாதம்தான் முதல் பொருத்தம். காய்ந்த கறிக்கு நீர்த்த புளிப்பு வேண்டும். சப்பாத்தி, பன், தயிர்சாதம் எல்லாம் சரி. ட்ரேயின் அடியில் ஒட்டிய கறுஞ்சிவப்புப் பிசினைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டி, ஒரு சின்ன வாணலியில் ஒரு கொதி விட்டு, உப்புப் பார்த்து, மிளகு தூவினால் சாதத்தில் பிசைய ஒரு கிரேவி. கருகிய துணுக்கு இருந்தால் வடிகட்டவும்.

எடுத்துவைத்த முதுகும் கழுத்தும்?

சாப்பிட்டு முடித்த எலும்புகளைச் சேர்க்க வேண்டாம், அவை தட்டில் கைபட்டவை. பச்சையாக எடுத்துவைத்த முதுகு, கழுத்தோடு 1 லிட்டர் தண்ணீர், தட்டிய மிளகு சீரகம், நாலு பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள், உப்பு. குக்கரில் ஐந்து விசில், பிறகு சிறுதீயில் பத்து நிமிடம். நாலு டம்ளர் சூப் வரும். ஈரலை அதில் போடாதீர்கள், கசந்து கலங்கும். தனியே மிளகில் வதக்குங்கள்.

ஃப்ரீசரில் இருக்கும் கோழியை எப்படி எடுப்பது?

முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு, ஒரு பாத்திரத்துக்குள் வைத்து மாற்றவும். முழுக்கோழி என்றால் ஒருநாள் முழுதும் ஆகும். அவசரமானால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றவும். வெந்நீரும் மேடையில் வைத்துவிடுவதும் வேண்டாம். உருகிய கோழி நிறையத் தண்ணீர் விடும், ஒற்றுவதற்குப் பேப்பர் இரட்டிப்பாக வேண்டும்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

நம்மூர் வெயிலில், சமையலறை 32 டிகிரிக்கு மேல் இருக்கிற நாட்களில், ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மற்ற நாட்களில் இரண்டு மணி நேரம். எலும்பிலிருந்து பிரித்து மூடி வைத்தால் மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது மேலே ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஃபாயில் மூடி, 160 டிகிரியில் 12 நிமிடம், உள்ளே ஆவி பறக்கும்வரை. ஒருமுறைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். மறுநாள் காலை டிபன் பாக்ஸுக்கு என்றால் உதிர்த்த கறியோடு மீந்த உருளையையும் மசித்து, பச்சை வெங்காயம் நறுக்கிப் போட்டு, தோசைக்கல்லில் இரண்டு சப்பாத்திக்கு நடுவே வைத்து அழுத்திச் சுட்டுக் கொடுக்கலாம்.